நாத்தனாருக்குத் தோய்த்த பழம்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பெயர் பிரேக்கம்மா. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் ஏற்பட்டதில்லை. பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. முன்னால் போகிற லாரியின் பின்பக்கம் வேண்டாத அளவுக்குப் பெரிதாகத் தெரிய ஆரம்பித்ததும் அந்த பிரேக்கில் அவள் கால் போய் விழும். வண்டி நிற்கும். ஓட்டியவருக்கு உயிர் போய் உயிர் வரும். அவள் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகல. மூச்சை விடுங்க. இப்ப எங்க பார்த்துட்டு இருந்தீங்க, சொல்லுங்க" என்பாள். பயந்து நடுங்குகிறவர்களிடம் அவள் குரல் உயராது. தைரியசாலிகளைத்தான் அவள் வறுத்து எடுப்பாள். நடுரோட்டில் நிற்கும் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போவது, செங்குத்தான மேட்டில் வண்டியைப் பின்னால் எடுப்பது இதெல்லாம் அவளுக்குக் கொட்டாவி விடுகிற மாதிரி.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு முட்டை அவிக்க வராது. தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, கூரையில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அடுப்பில் ஒன்று வைத்த ஞாபகமே வரும்.

கல்யாணமான புதிதிலேயே அவள் கணவர் இதைப் புரிந்துகொண்டு, சத்தம் போடாமல் கரண்டியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர். நாள் முழுக்க மயிரிழை மயிரிழையாகத் தேய்த்துப் பார்க்கிற கை, வெங்காயத்தையும் அப்படியே நறுக்கியது. வீட்டில் அவர் சமைப்பார், அவள் சாப்பிடுவாள், பாத்திரத்தை இரண்டு பேரும் சேர்ந்து கழுவுவார்கள். இந்த ஏற்பாட்டில் புருஷனுக்கும் குறையில்லை, பெண்டாட்டிக்கும் குறையில்லை. குறையெல்லாம் நாத்தனாருக்குத்தான்.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. தம்பியைத் தூக்கி வளர்த்தவள். "என் தம்பி கரண்டி பிடிச்சே கை காய்ச்சுப் போச்சு" என்பதை எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இரண்டு பேரிடமாவது சொல்லாமல் திரும்பமாட்டாள். பேச ஆரம்பித்தால் நிறுத்த அவளுக்கே வழி தெரியாது.

இப்படியிருக்கையில், கடையில் மேல் தட்டைத் துடைப்பதற்காக ஸ்டூல்மேல் ஏறிய கணவர், ஸ்டூலோடு சேர்ந்து கீழே வந்தார். வலது மணிக்கட்டில் விரிசல். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. அன்றிலிருந்து வீட்டில் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. பொட்டலம் பொட்டலமாக வந்து, பாதி தின்றது போக மீதியெல்லாம் ஃப்ரிட்ஜில் அடைந்தது.

செய்தி நாத்தனாரின் காதுக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? போன் வந்துவிட்டது.

"ஏம்மா, கை ஒடிஞ்சு கிடக்கிறவனுக்குக் கடைச் சாப்பாடா போடுறே?"

"ஒடியல அண்ணி. விரிசல்தான்."

"ஏதோ ஒண்ணு. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் நானும் உங்க அண்ணாவும் வர்றோம். எல்லாம் நானே செஞ்சு எடுத்துட்டு வந்துடறேன். நீ ஒண்ணும் சிரமப்படாதே. உனக்கு எதுக்கும்மா அந்த வேலையெல்லாம்?"

முன்னால் சொன்னதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அது சுருக்கென்று தைத்தது.

"நீங்க கையை வீசிட்டு வாங்க அண்ணி. நான் செய்றேன்."

எதிர்முனையில் குரல் ஒரு சுருதி ஏறியது.

"நீயா? என்ன செய்வே?"

அன்று காலையில்தான் கற்றுக்கொள்ள வந்த ஒருவர் சிக்னலில் வண்டியை அணைத்துவிட்டு, கிளப்பத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அவள் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். எதிரில் ஓர் இனிப்புக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஸ்ட்ராபெரிப் பழங்கள் இடுப்பு வரைக்கும் சாக்லேட்டில் இறங்கி எழுந்த மாதிரி வரிசையாக நின்றன. அந்தக் காட்சி கண்முன்னால் வந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சாக்லேட்ல தோய்ச்ச பழம்."

"கடையில வாங்கித் தட்டுல அடுக்கிட்டு, நான் செஞ்சேன்னு சொல்லக் கூடாது."

"என் கையாலயே செய்றேன் அண்ணி."

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. இருந்தாலும் யோசித்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையாகத் தெரியவில்லை. பழத்தைச் செடி செய்து கொடுத்துவிட்டது. சாக்லேட்டைத் தொழிற்சாலை செய்து கொடுத்துவிட்டது. ஒன்றை இன்னொன்றுக்கு அறிமுகப்படுத்தி வைப்பதுதான் பாக்கி. இதைக் கணவரிடம் சொன்னபோது, மாவுக்கட்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"உருக்கணுமே?"

"உருக்கத் தெரியாதா எனக்கு?"

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை நீங்க அடுப்படிப் பக்கமே வரக் கூடாது. வந்தீங்கன்னா இன்னொரு கைக்கும் கட்டுப் போட வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாமான்கள் மேடையில் பரப்பி வைக்கப்பட்டன. ஸ்ட்ராபெரி, வாழைப்பழம், ஆரஞ்சு, திராட்சை. சாக்லேட் பாளங்கள் இருக்கட்டும் இருக்கட்டும் என்று ஒரு பை நிறைய. குத்தி எடுக்கப் பல்குத்தும் குச்சி. கணவர் ஹாலில் நாற்காலி போட்டு, கையில் செய்தித்தாளோடு உட்கார்ந்தார். ஒற்றைக் கையால் பக்கம் திருப்ப முடியாததால் ஒரே பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு பாளத்தை உடைத்து வாணலியில் போட்டாள். அடுப்பைப் பற்றவைத்து, குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பினாள். மெதுவாகப் போவதற்கு அவளுக்கு எப்போதுமே பொறுமை கிடையாது. அது உருகுவதற்குள் பழத்தைக் கழுவிவிடலாம் என்று குழாயடிக்குத் திரும்பினாள்.

"ஏதோ கருகுது" என்றது ஹால்.

"ஒண்ணும் கருகல."

"புகை வருதே?"

"அது ஆவி."

"ஆவி கறுப்பாவா வரும்?"

திரும்பிப் பார்த்தாள். வாணலியில் இருந்தது சாக்லேட் இல்லை. ரோடு போடுகிற இடத்தில் டிரம்மில் காய்ச்சுவார்களே, அது. அணைத்து, தூக்கிக் குழாயடியில் வைத்ததும் அது சீறிய சீற்றத்தில் இரண்டடி பின்னால் தாவினாள். இதற்குள் வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டு வயலின் வாத்தியார்.

"எங்கயாவது ஒயர் எரியுதா சார்? ஒரு மாதிரி நாத்தம் வருது."

"இல்ல சார்" என்றார் கணவர். "என் வீட்டுக்காரி சமைக்கிறா."

வாத்தியார் இந்தக் குடும்பத்தைப் பல வருஷமாக அறிந்தவர். ஒயரே எரிந்திருந்தால் தேவலை என்பது போல ஒரு முகத்தோடு படியிறங்கிப் போனார்.

அவள் போனில் ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண், சட்டையில் ஒரு பொட்டுக்கூடப் படாமல், சிரித்துக்கொண்டே உருக்கினாள். நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாதாம். கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, அந்தச் சூட்டிலேயே உருக்க வேண்டுமாம். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று அந்தப் பெண்ணிடம் கோபித்துக்கொண்டு, அப்படியே செய்தாள்.

இந்தத் தடவை சாக்லேட் சொன்ன பேச்சைக் கேட்டது. ஓரம் இளகியது, நடு இளகியது, கரண்டியால் கலக்கக் கலக்கப் பட்டுப் போலப் பளபளத்தது. அவள் முகம் அதில் தெரிந்தது. அந்த முகம் தன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டதையும் அவள் பார்த்தாள். "என்னங்க, உருகிடுச்சு!" என்று ஹாலுக்குக் கேட்கும்படி கத்தினாள். கழுவி வைத்திருந்த ஸ்ட்ராபெரிகளில் இரண்டை, கழுவிய ஈரம் சொட்டச் சொட்ட, காம்பைப் பிடித்து முக்கினாள். இன்னும் இரண்டு. இன்னும் இரண்டு.

பட்டு சட்டென்று சுருங்கியது. கண்ணெதிரிலேயே திப்பித் திப்பியாகி, மங்கி, ஈரமண் மாதிரி இறுகியது. அவள் பதறிப்போய், இளகட்டும் என்று ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றினாள். அது இன்னும் மோசமாயிற்று. கரண்டியை விட்டுவிட்டுக் கையை எடுத்தாள். கரண்டி சாயாமல் நட்டுக்க நின்றது.

பிரேக்கம்மா மேடையில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். காலடியில் அழுத்துவதற்கு ஒன்றுமில்லை.

"என்னங்க."

"ம்?"

"கொஞ்சம் வாங்களேன்."

அவர் வந்து நிலைப்படியில் நின்றார். "உள்ள வரலாமா?"

"வாங்க. ஆனா எதையும் தொடக் கூடாது. நீங்க வாயால சொல்லுங்க, நான் செய்றேன். என் கையால செய்றேன்னு சொல்லிட்டேன்."

ஓரமாகக் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு, மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். நட்டுக்க நின்ற கரண்டியைப் பார்த்தார். சிரிப்பு வந்திருக்கும். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

கல்யாணமான முதல் வருஷத்தில் அவள் அவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தாள். ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானம். அவளுடைய கணிப்பில் அவர் தைரியசாலி. அதனால் கிளட்சை விட்டதற்கும் கத்தினாள், விடாததற்கும் கத்தினாள், ஒரு மரம் பக்கத்தில் வந்ததற்குக்கூட அவரிடம்தான் கத்தினாள். அவர் வண்டியை நிறுத்தினார். கை பிரேக்கை ஒழுங்காக இழுத்துவிட்டு, சாவியை அவள் மடியில் வைத்துவிட்டு, வீடு வரைக்கும் நடந்தே வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதேயில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசியதும் இல்லை.

இப்போது ஓட்டுகிற சீட்டில் இருப்பது அவள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவர்.

"இன்னொரு பாளம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"புதுக் கிண்ணம் எடு. நல்லாத் துடை. தண்ணி பட்டாலே அதுக்கு ஆகாது. பழத்தையும் துடை."

"துடைச்சிட்டேன்."

"இன்னொரு தடவை துடை."

"எத்தனை தடவைதான் துடைக்கிறது?"

"பழத்தைத் துணியில உருட்டு. துணியில ஈரம் தெரியாத வரைக்கும். கடையில லென்ஸ் அப்படித்தான் துடைப்போம்."

அவள் துடைத்தாள். அடுப்பைச் சிறிதாக வைக்கச் சொன்னார், வைத்தாள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடுகிறதா என்று குனிந்து பார்க்கச் சொன்னார், பார்த்தாள். முக்கால்வாசி உருகியதுமே அடுப்பை அணைத்துவிட்டு மீதியைக் கலக்கியே கரைக்கச் சொன்னார். அதுவும் சரியாகத்தான் வந்தது. முதல் ஸ்ட்ராபெரி முழுசாக வெளியே வந்தது. இரண்டாவது, காம்பு கையோடு வந்து, பழம் மட்டும் கிண்ணத்துக்குள் முழுகிப் போயிற்று. திட்டு வரும் என்று அவள் தோள் தானாகக் குறுகிக்கொண்டது.

"பரவாயில்ல. கரண்டியால எடுத்துடு" என்றார் அவர்.

எடுத்தாள். அடுத்ததைக் குச்சியில் குத்தினாள். கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"நீங்க ஏன் கத்தல?"

"கத்துறதுக்கு என்ன இருக்கு? பழம்தானே விழுந்துச்சு."

ஒரு ஸ்ட்ராபெரியை முக்கி, சொட்ட விட்டு, ஒட்டாமலிருக்க விரித்திருந்த வெண்ணெய்த்தாளில் வைத்தாள். இன்னொன்றையும் வைத்தாள்.

"அன்னைக்கு நானும் கத்தியிருக்கக் கூடாது."

"என்னைக்கு?" என்றார் அவர். என்றைக்கு என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். "ஆரஞ்சை எடு, சாக்லேட் ஆறிடப் போகுது" என்றார்.

ஸ்ட்ராபெரிகள் ஒவ்வொன்றும் காலடியில் ஒரு சாக்லேட் குட்டையோடு, சைஸ் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி நின்றன. திராட்சைகள் உருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிட்டன. திரும்பவும் கொடியிலேயே காய்த்துவிட்டது போல. ஆரஞ்சுச் சுளைதான் அசத்தியது. மேல்பாதி ஆரஞ்சு, கீழ்ப்பாதி சாக்லேட், நடுவில் கோடு கிழித்த மாதிரி. அதைப் பார்த்துவிட்டுக் கணவரே எழுந்து நின்றார். வாழைப்பழம்தான் வழுக்கியது. சாக்லேட் ஒட்டாமல் அங்கங்கே சொட்டை விழுந்தது. சொட்டையை மறைக்க இரண்டாம் தடவை முக்கினாள், திருப்தியில்லாமல் மூன்றாம் தடவையும் முக்கினாள். கடைசியில் அவை பழம் என்பதைவிட மர உருளை என்று சொல்லும்படி இருந்தன.

தட்டுகளை ஃப்ரிட்ஜில் வைத்தாள். பழைய பொட்டலங்களுக்கு நடுவில் இரண்டு தட்டுக்குத்தான் இடம் இருந்தது. வாழைப்பழத் தட்டை மேலே ஃப்ரீசரில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். மேலேயும் குளிர், கீழேயும் குளிர், என்ன வித்தியாசம் என்று நினைத்தாள்.

நாத்தனார் வந்தபோது, கையை வீசிக்கொண்டு வரச் சொன்னதற்கு அடையாளமாக நான்கடுக்குச் சாப்பாட்டு கேரியரோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர். அந்த மனிதர் பேசமாட்டார். பேச வாய்ப்புக் கிடைக்காமலே முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்தி, பேச்சே விட்டுப்போனவர். 'ம்' என்ற ஓர் எழுத்தில் தேவையானதையெல்லாம் சொல்லிவிடுவார்.

நாத்தனார் தம்பியின் கையைத் தடவினாள், இளைத்துவிட்டான் என்றாள், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து ஐயோ என்றாள், கருகிய வாணலியை முகர்ந்து பார்த்து இன்னொரு ஐயோ சொன்னாள். பிறகு தட்டு வந்தது. ஆரஞ்சுச் சுளையைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினாள்.

"கடையில வாங்கினதா?"

பக்கத்தில் இருந்த ஸ்ட்ராபெரியைப் பார்த்தாள். அதன் செருப்பைப் பார்த்தாள்.

"இல்ல. கடையில இருந்தா இப்படி இருக்காது."

இது பாராட்டா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை. அதற்குள் அவள் வீட்டுக்காரர் ஓர் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டார். "ம்" என்றார். அந்த 'ம்' வழக்கமான 'ம்' இல்லை, கொஞ்சம் நீளம். இன்னொன்றை எடுத்தார். இன்னும் ஒன்றை.

அப்போதுதான் ஃப்ரீசரில் வைத்தது பிரேக்கம்மாவுக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தாள். இருப்பதிலேயே பெரியதாக ஒன்றைப் பொறுக்கி, மரியாதையாக நாத்தனாரிடம் நீட்டினாள்.

"இதைச் சாப்பிடுங்க அண்ணி. மூணு தடவை தோய்ச்சது."

"எதுக்குச் சொல்றேன்னா, என் தம்பி மட்டும் அன்னைக்கு அந்த ஸ்டூல்ல ஏறாம இருந்திருந்தா" என்று பேச்சோடு பேச்சாக நாத்தனார் அதை வாங்கி ஒரே கடியாகக் கடித்தாள்.

டக்.

சாக்லேட் விரிசல் விட்ட சத்தம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. நாத்தனாரின் வாக்கியம் பாதியில் நிற்பதாவது! அவள் வீட்டுக்காரர் மென்றுகொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் பிதுங்கி நின்றன.

"அக்கா! என்ன ஆச்சு?"

கைக்குள்ளிருந்து, "ஃபல்லு" என்று காற்றாக ஒரு சத்தம் வந்தது.

மேல்வரிசையில் கோரைப்பல்லுக்குப் போட்டிருந்த உறை. பல்லுக்கு மேலே தொப்பி மாதிரி மாட்டியிருந்தது, காணோம். கணவர் ஒற்றைக் கையோடு சோபாவுக்கு அடியில் துழாவினார். நாத்தனாரின் வீட்டுக்காரர் தான் தின்றதையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, வயிற்றைக் கவலையோடு தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிரேக்கம்மா மட்டும் தட்டில் விழுந்து கிடந்த வாழைப்பழத்தைத் திருப்பினாள். கல்லாகிப்போன சாக்லேட்டின் நடுவே உறை நிமிர்ந்து நின்றது. வாழைப்பழத்துக்குப் பல் முளைத்துவிட்டது போல இருந்தது.

அதைப் பிடுங்கிக் கழுவி, சுத்தமான கைக்குட்டையில் முடிந்துகொண்டு, கார் சாவியை எடுத்தாள். "பெரிய ரோட்டுல ஒரு பல் கிளினிக் ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும். வாங்க அண்ணி, போவோம்."

நாத்தனார் தலையை வேகமாக ஆட்டினாள். வரமாட்டாளாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமாம். வேண்டாமாம், பசை போட்டு ஒட்டிக்கொள்கிறாளாம். தம்பி கெஞ்சினார். வீட்டுக்காரர் இரண்டு தடவை 'ம்' கொட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை.

பிரேக்கம்மா நாத்தனாரின் கையைப் பார்த்தாள். நாற்காலியின் கையை அது விரல் வெளுக்கிற அளவுக்குப் பற்றியிருந்தது. அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் பார்க்கிற பிடி. முதல் நாள் ஸ்டியரிங்கில் உட்காருகிறவர்களின் பிடி. இத்தனை வருஷமாக நாத்தனாரிடம் அவள் பேசிய குரல் ஒன்று. இப்போது வெளியே வந்த குரல் வேறு.

"அண்ணி. டாக்டர்கிட்ட போக வேணாம். சும்மா கார்ல வந்து உட்காருங்க. தெருமுனை வரைக்கும் போயிட்டு வருவோம். அங்க போய் வேணாம்னு தோணினா திரும்பிடலாம்."

நாத்தனார் சந்தேகமாகப் பார்த்தாள். எழுந்தாள்.

தெருமுனை வந்தது. "திரும்பிடலாமா? இல்ல, அந்த சிக்னல் வரைக்கும் போகலாமா?" நாத்தனார் தன் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு, போ என்று கையைக் காட்டினாள். சிக்னலில் வண்டி நின்றது. "அடுத்த சிக்னல்ல யூ டர்ன் இருக்கு. அங்க வரைக்கும் போவோமா?" மறுபடியும் கை ஆடியது. இப்படியே ஒவ்வொரு சிக்னலாகப் போய்க்கொண்டிருக்கையில், கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து நாத்தனார் மெல்லப் பேசினாள்.

"அது முன்னாடியே ஆடிட்டுத்தான் இருந்துச்சு."

"எது?"

"ஃபல்லுதான். ரொம்ப நாளா. ஒரு ஃபக்கமாவே மென்னுட்டு இருந்தேன். அவருக்குக்கூடச் சொல்லல. சொன்னா டாக்டர்கிட்ட ஃபோகச் சொல்லுவாரு." கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டாள். "அந்த நாற்காலியைச் சாய்ச்சு விடுவாங்க ஃபாரு, அதை நெனைச்சாலே எனக்கு மயக்கம் வருது."

"அப்போ என் மேல தப்பில்லையா அண்ணி?"

"உன் வாழைஃபழமும் சும்மா இல்ல. கருங்கல்லு."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் காற்றுப் போய்ப் பல் கூசியது. கூசியதால் நாத்தனார் 'ஆ' என்றாள். 'ஆ' என்றது விசில் மாதிரி வந்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். கிளினிக் வாசலில் வண்டி நின்றதை நாத்தனார் கவனிக்கவேயில்லை.

பல் டாக்டர் ஓர் இளம்பெண். பிரேக்கம்மா நீட்டிய கைக்குட்டையைப் பிரித்து உறையை விளக்கில் தூக்கிப் பிடித்தாள்.

"உள்ள என்னமோ பழுப்பா இருக்கே? சொத்தையா?" என்று முகர்ந்து பார்த்தாள். "சாக்லேட்டா?"

"என் தம்பி ஃபொண்டாட்டி செஞ்சது" என்றாள் நாத்தனார், சாய்ந்த நாற்காலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு.

அவளுடைய வலது கை பிரேக்கம்மாவின் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தது. பிரேக்கம்மா குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்: "இப்ப சும்மா தண்ணி பீச்சுறாங்க. மூச்சை விடுங்க. இப்ப காத்து அடிச்சு உலர்த்துறாங்க. உலர்ந்தாத்தான் ஒட்டுமாம். அவ்வளவுதான். இப்ப மாட்டுறாங்க. கடிங்க. நல்லாக் கடிங்க."

"முடிஞ்சுது" என்றாள் டாக்டர்.

நாத்தனார் ஒரு கண்ணைத் திறந்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா இத்தனை நாள் ஒரு பக்கமா மென்னேன்!" எழுந்து உட்கார்ந்து, நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைக் கேட்டாள்: "ஆரஞ்சு சாப்பிடலாமா? தோய்ச்ச ஆரஞ்சு?"

"இன்னைக்கு மட்டும் கடினமா எதுவும் வேணாம். ஆரஞ்சுன்னா பரவாயில்ல, இன்னொரு பக்கமா மெல்லுங்க."

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஹாலில் இரண்டு ஆண்களும் காலித் தட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் உதட்டோரத்திலும் சாக்லேட். நாத்தனார் தட்டைப் பார்த்தாள், வீட்டுக்காரரைப் பார்த்தாள். அந்த மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆரஞ்சு தீர்ந்துபோச்சு. ரொம்ப நல்லா இருந்துது" என்றார்.

அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக வந்ததை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆனால் நாத்தனார் அதை ரசிக்கிற நிலையில் இல்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்து வைக்கத் தோணுச்சா உங்களுக்கு? பல்லு போய் நான் அங்க மல்லாந்து கிடக்கேன், இங்க நீங்க தட்டை நக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க!" பல் திரும்பி வந்ததோடு பேச்சும் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. தம்பிக்கும் கிடைத்தது. கீழ் வீட்டு வாத்தியார், இன்னும் எதுவோ எரிகிறது என்று நினைத்திருக்க வேண்டும், ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

அன்று ராத்திரிக்குள் சொந்தபந்தம் முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சொன்னவள் நாத்தனார்தான். ஆனால் வழக்கமாகச் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. "அவ செஞ்ச சாக்லேட் பழத்துல என் பல்லே கழண்டு வந்துடுச்சு, பார்த்துக்கோ" என்பதை, தன் வீட்டில் ஒருத்திக்குப் பரிசு விழுந்துவிட்ட தோரணையில் சொன்னாள். கேட்டவர்களில் யாரோ ஒருவர் அதற்குப் 'பல்லுடைச்சான்' என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்து வந்த ஒரு கல்யாண வீட்டில் பல்லுடைச்சான் கேட்டார்கள். அவள் ஒரு பெரிய தட்டு நிறையச் செய்துகொண்டு போனாள். ஆரஞ்சும் இருந்தது, ஸ்ட்ராபெரியும் இருந்தது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்களே தவிர, முதலில் எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தள்ளுங்க, தள்ளுங்க. மொதல்ல நான் கடிக்கிறேன்."

ஒரு சுளையை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிக் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். கல்யாண வீடே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.